சகலை காய்ச்சிய பீர்

"உன் சகலை காய்ச்சின பீரைக் குடிச்சுப் பார்த்தியா, எய்லிவ்?" என்று கேட்டுக்கொண்டே பிரித்தா பேருந்தில் ஏறினாள்.

"குடிச்சேன்," என்றார் எய்லிவ்.

"தேன்தான் போ! ஊலாவ் ரெண்டு கிண்ணம் உள்ள போனதும் பாட ஆரம்பிச்சிட்டான். பொண்டாட்டி போனதுக்கப்புறம் அவன் பாடி யாரு கேட்டா?"

"உட்காரு பிரித்தா. வண்டிய எடுக்கணும்."

கதவு மூடும் பொத்தானை எய்லிவ் தேவைக்கு மேல் அழுத்தினார். பள்ளிப் பிள்ளைகளோடு ஊர்ப் பெரியவர்களும் ஏறும் பேருந்து அது. ஏரியைச் சுற்றிக்கொண்டு வோஸ் நகரம் வரை போகும். அந்த வாரம் முழுக்க ஏறியவர்கள் எல்லோருக்கும் ஒரே பேச்சு. ஹால்வோரின் பீர். ஹால்வோர் தேவாலயத்தில் பாடியதும், ஹால்வோர் பனிவாரும் வண்டியைப் பழுது பார்த்துக் கொடுத்ததும் பேசி முடித்து, இப்போது பீருக்கு வந்திருந்தார்கள். பேருந்து ஓட்டுகிறவனுக்குக் காதை மூடிக்கொள்ள வழியில்லை. இரண்டு கையும் சக்கரத்தில் இருக்கும்.

ஹால்வோர், எய்லிவின் மனைவி குட்ரூனுடைய தங்கை ஆஸ்ட்ரியின் கணவர். கிழக்கே சமவெளியிலிருந்து பத்து வருடத்துக்கு முன்னால் வந்து பக்கத்துப் பண்ணையில் குடியேறியவர். நல்ல மனிதர்தான். அதுதான் கஷ்டமே. கெட்டவனாக இருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஹால்வோர் சொல்லும் வேடிக்கைக்குக் குட்ரூன் கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். எய்லிவின் ஒரே மகள் ராக்னா கார் ஓட்டக் கற்றுக்கொண்டதுகூட அவரிடம்தான். பேருந்து ஓட்டுநரின் மகள்! "நீ கத்துவ அப்பா, சித்தப்பா கத்த மாட்டாரு," என்று ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

ஆனால் இந்தப் பீர் விஷயத்தில் மட்டும் எய்லிவ் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. ராக்னாவுக்கு மே மாதத்தில், பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு மறுவாரம் கல்யாணம். அந்தப் பள்ளத்தாக்கில் கல்யாணப் பீரைப் பெண்ணின் அப்பாதான் காய்ச்ச வேண்டும். கடையில் வாங்கி வைத்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் இருப்பார்கள், அவ்வளவுதான். நிச்சயதார்த்தத்தன்று எய்லிவ் எழுந்து நின்று, "பீர் என் பொறுப்பு," என்று எல்லோர் முன்னாலும் அறிவித்துவிட்டார்.

அதுவரை அவர் வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடக் காய்ச்சியதில்லை. அவருடைய அப்பா, குடியைப் பாவமென்று ஒதுக்கும் ஜெபவீட்டுக்காரர். அந்த வீட்டில் காப்பியைத் தவிர வேறு எதுவும் கொதித்ததில்லை. ஆனால் நானூறு வருடத்துப் பண்ணைப் பெயரைச் சுமக்கும் ஒருவனுக்குப் பீர் காய்ச்சத் தெரியாது என்று ஊரில் யாருக்குத்தான் தோன்றும்?

"நானும் இதுல புதுசுதான். சேர்ந்தே ஆரம்பிப்போமா சகலை?" என்று ஹால்வோர் கேட்டபோது, வேண்டாம் என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் வாங்க இருவரும் ஷூரிடம் போனார்கள். அந்த ஏரிக்கரையில் பழைய வீட்டு ஈஸ்ட்டை உயிரோடு காப்பாற்றி வைத்திருந்தவர் ஷூர் ஒருவர்தான். குளிருக்குப் பயந்து மறுநாள் ஸ்பெயினுக்குக் கிளம்பவிருந்தார். மே மாதம் முடிந்துதான் திரும்புவார். ஒரு ஜாடியை இரண்டாகப் பிரித்து ஊற்றி, பாதியை எய்லிவின் கையில் கொடுத்தார்.

"உனக்குத் தெரியாததா? உங்க பண்ணைல பீர் காய்ச்சாத தலைமுறை உண்டா?" என்றவர், ஹால்வோர் பக்கம் திரும்பினார். "உனக்கு ஒரு மண்ணும் தெரியாது கிழக்குக்காரா. உட்காரு. ஆஸ்ட்ரிகிட்ட சாப்பாட்டுக்கு வர மாட்டேன்னு சொல்லிடு."

எய்லிவும் உட்கார்ந்திருக்கலாம். கால்கூட நாற்காலியை நோக்கி நகர்ந்தது. ஆனால், "உனக்குத் தெரியாததா" என்று ஒருவர் மரியாதையாகச் சொன்ன பிறகு, தெரியாது என்று எப்படிச் சொல்வது? ஜாடியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

கைப்பேசியில் ஒரு படத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். எங்கோ வெளிநாட்டில் ஒருவர் பளபளக்கும் பாத்திரங்களோடு காய்ச்சிக் காட்டினார். ஜூனிப்பர் என்னும் ஊசியிலைச் செடியின் கிளை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் மட்டும் இந்த ஊருக்கே உரியது, அது எய்லிவுக்குத் தெரியும். மற்றதெல்லாம் படத்தில் பார்த்தபடி செய்தார். முளைகட்டி உலர்த்திய பார்லியில் அந்தத் தண்ணீரை ஊற்றி ஊறவைத்தார். தித்திப்பான சாறு வடிந்து வந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தபோது கர்வமாகக்கூட இருந்தது. அதைக் கொதிக்கவிட்டு இறக்கினார். படத்திலிருந்தவர், "நன்றாகக் குளிரட்டும்," என்றார். வெளியே பிப்ரவரிப் பனி குவிந்து கிடந்தது. சாற்றைப் பால் கேனில் நிரப்பிப் பனிக்குள் புதைத்து, தொட்டால் விரல் சில்லிடும் வரை காத்திருந்து, பீப்பாய்க்கு மாற்றி ஈஸ்ட்டில் பாதியை ஊற்றினார். மீதியை அடுத்த தடவைக்கென்று ஜாடியிலேயே வைத்துக்கொண்டார்.

ஈஸ்ட் ஊற்றும்போது பீப்பாய்க்குள் குனிந்து உரக்கக் கத்த வேண்டும். கத்தினால்தான் பீருக்கு உயிர் வரும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஜெபவீட்டில் வளர்ந்த எய்லிவ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டார். வாசலில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. அடுத்த நாள் பக்கத்துப் பண்ணையிலிருந்து ஹால்வோரின் கத்தல் கேட்டது. உறைந்த ஏரியின் மீது உருண்டு போய் எதிர்க்கரை மலையில் மோதித் திரும்பி வந்தது. கத்தல்கூட நன்றாகத்தான் இருந்தது, பாவி.

பீப்பாய் திறக்கும் நாளில் அக்கம்பக்கத்தார் ருசி பார்க்க வருவார்கள். யாரும் வாய்விட்டுக் குறை சொல்ல மாட்டார்கள். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் தீர்ப்பு. எய்லிவ் வீட்டுக்கு வந்தவர்கள் மரக்கிண்ணத்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் குடித்தார்கள். ஊலாவ் நாக்கைச் சப்புக்கொட்டி யோசித்தான்.

"ஈரமாத்தான் இருக்கு," என்றான்.

"தாகத்துக்கு ஆகும்," என்றாள் பிரித்தா.

பிறகு ஒவ்வொருவருக்கும் வீட்டில் வேலை இருப்பது நினைவுக்கு வந்தது. புளித்தும் புளிக்காத, வெந்தும் வேகாத அந்தத் தண்ணீரை எய்லிவே கடைசியில் சாக்கடையில் ஊற்றினார். ஹால்வோர் மட்டும் போகாமல் பீப்பாயைக் கழுவ உதவினார். "முதல் தடவைதானே சகலை," என்றார். அந்த ஆறுதல்தான் எய்லிவின் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியது.

ஹால்வோர் வீட்டுப் பீப்பாய் திறந்த நாளில் யாருக்கும் வேலை நினைவுக்கு வரவில்லை. பொன்னிறமாக, ஆரஞ்சுத் தோலின் வாசனையோடு இருந்தது பீர். எய்லிவுக்கு அது பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்ததோ அவ்வளவு வலித்தது. ஊலாவ் பாடினான். குட்ரூன் அதற்குத் தாளம் போட்டாள். எய்லிவ் மூலையில் நின்று, கிண்ணம் தன் பக்கம் வந்த போதெல்லாம் ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்தவரிடம் தள்ளினார்.

ஒரு ஞாயிறன்று ராக்னா அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவருடைய சட்டைக் கையில் இல்லாத நூலைப் பிய்த்தாள்.

"அப்பா, கோவிச்சுக்காதே. கல்யாணப் பீரைச் சித்தப்பா காய்ச்சட்டுமே? உனக்கும் அந்தச் சமயத்துல நூறு வேலை."

"பொண்ணோட அப்பா நானா, அவனா?"

"அப்பா!"

"நான் காய்ச்சறேன்னு சொன்னா காய்ச்சறேன்."

அவள் எழுந்து போன பிறகு அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்ட வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கல்யாணத்தன்று பிரித்தா வந்து, "ஹால்வோரோட பீரா?" என்று கேட்பாள். ஆமாம் என்று எல்லோரும் சிரிப்பார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஹால்வோரின் தோளில் கை போடுவார். இதையே பேருந்து ஓட்டும் வழியெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரலில் ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஹால்வோர் காலி ஜாடியோடு வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"கெட்டது குடி, சகலை. மிச்ச ஈஸ்ட்டைக் காயவச்சு எடுத்து வைக்கலாம்னு காகிதத்துல பரப்பி ரொட்டி அடுப்புக்குள்ள வச்சேன். அதுக்குள்ள எரியற விளக்குச் சூடு போதும்னு நெனச்சேன். ஆஸ்ட்ரிக்குத் தெரியாது. ரொட்டி சுட அடுப்பை ஏத்திட்டா. மொத்தமும் கரி. ரெண்டு கரண்டி குடேன்?"

"எதுக்கு இப்ப?"

ஹால்வோர் கொஞ்சம் தயங்கினார். "ராக்னா வந்திருந்தா. எதுக்கும் ஒரு பீப்பாய் போட்டு வையுங்க சித்தப்பான்னா. உன்னோடது நல்லா வந்தா என்னோடதை நாங்களே குடிச்சிடுவோம். வீணாகாது."

அந்த ஊரில் யார் வந்து ஈஸ்ட் கேட்டாலும் இல்லை என்று சொல்வதில்லை. சண்டையில் இருப்பவர்கள்கூட வேலிக்கு மேலாக ஜாடியை நீட்டுவார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டாவது. இன்று என்னுடையது செத்தால் நாளை உன்னிடம் நான் வர வேண்டும். அப்படித்தான் அந்த ஈஸ்ட் இத்தனை தலைமுறை பிழைத்துக் கிடக்கிறது. எய்லிவின் ஜாடி நிலவறையில், குட்ரூன் போட்ட பழக்கூழ்ப் பாட்டில்களுக்குப் பின்னால் இருந்தது. ஒரு தப்பைச் செய்வதற்கு முன் கடவுள் நமக்குக் கொடுக்கும் அவகாசம் பெரும்பாலும் ஒரு மூச்சு விடும் நேரம்தான். எய்லிவ் அந்த மூச்சை விட்டார்.

"என்னோடதும் கெட்டுப் போச்சு. காடி நாத்தம். நேத்துதான் கொட்டினேன்."

ஹால்வோரின் முகம் மாறியது. ஆனால் எய்லிவ் பயந்த மாதிரி மாறவில்லை. கையிலிருந்த காலி ஜாடியை மறந்துவிட்டு அவர் எய்லிவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யோ! அப்ப நீ கல்யாணத்துக்கு என்ன பண்ணுவ? ஷூரும் ஊர்ல இல்லையே. சரி, நீ கவலைப்படாதே. நான் பார்த்துக்கறேன்."

அவர் போனதும் குட்ரூன் அடுக்களையிலிருந்து வந்தாள். பாத்திரம் துடைக்கும் துணி கையில் இருந்தது.

"பழக்கூழ் எடுக்கக் காலையில கீழ போனேன்," என்றாள். "உன் ஜாடி நல்லாத்தான் இருக்கு. மூடியைத் திறந்து மோந்துகூடப் பார்த்தேன்."

எய்லிவ் போய் வாசல் கதவைச் சாத்தினார். அவள் துணியை உதறிக்கொண்டு அடுக்களைக்குத் திரும்பினாள். ராத்திரிச் சாப்பாட்டில் அவருக்குப் பிடித்த மீன் உருண்டைகளை வழக்கம்போலக் கூடுதலாக வைத்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அவருக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை பேருந்தை நிறுத்திவிட்டு வந்தபோது ஹால்வோரின் கார் வாசலில் நின்றது. சக்கரமெல்லாம் சேறும் பனியும். ஹால்வோர் படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு ஜாடி, கம்பளித் தொப்பியால் சுற்றி வைத்திருந்தார்.

"மலைக்கு அந்தப் பக்கம், ஹார்டாங்கர் வரைக்கும் போயிட்டு வந்தேன். அங்க ஒரு ஆள் வச்சிருக்கான்னு பாட்டுக் குழுவுல சொன்னாங்க. மலை மேல ஒரே பனிமூட்டம். முன்னால போற லாரியோட பின்விளக்கைப் பிடிச்சிக்கிட்டே போனேன். நல்ல மனுஷன் சகலை. யாரு என்னன்னுகூடக் கேக்கல. காப்பி குடுத்து, ஜாடியையும் குடுத்தான்." அவர் எழுந்து ஜாடியை நீட்டினார். "நீ பாதி எடுத்துக்கோ. முதல்ல நீ எடுத்துக்கோ, அடில கெட்டியா இருக்கறதையே எடு, அதுதான் நல்லது. நான் மிச்சத்தை எடுத்துக்கறேன்."

எய்லிவ் வேறொரு ஜாடியில் தன் பாதியை வாங்கிக்கொண்டார். நன்றி என்றுகூடச் சொன்னார். ஹால்வோர் இதிலும் ஜெயித்துவிட்டார் என்றுதான் முதலில் தோன்றியது. நல்லவனாக இருப்பதிலும் அவனே முதல். இந்த எண்ணம் எவ்வளவு கேவலமானது என்பது அதற்கடுத்த நொடியில் உறைத்தது. அன்று சாப்பிடுவதற்கு முன் ஜெபம் சொல்ல வாயெடுத்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். குட்ரூன்தான் அதை முடித்தாள்.

சனிக்கிழமை காலை இரண்டு ஜாடிகளையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பண்ணைக்கு நடந்தார். ஹால்வோர் முற்றத்தில் தீ மூட்டி, பெரிய செம்புப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஜூனிப்பர் கிளைகள் கட்டாக இருந்தன.

"இது நேத்து நீ குடுத்தது," என்றார் எய்லிவ். "இது என்னோடது. ஷூர் குடுத்தது. கெட்டுப் போகல. கெட்டுப் போகவே இல்ல."

ஹால்வோர் ஜாடியைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார்.

"மலை மேல பனிமூட்டம்னு சொன்னேன்ல?"

"சொன்னே."

"வழியில ரெண்டு தடவை வண்டி வழுக்கிச்சு. ஆஸ்ட்ரிகிட்ட அதைச் சொல்லல."

எய்லிவ் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏன் சகலை? ரெண்டு கரண்டிதானே கேட்டேன்?"

"உன்னோடது நல்லா வருது. என்னோடது வரல. என் பொண்ணும் உன்கிட்டதான் வந்து நிக்கறா." எய்லிவ் இரண்டு ஜாடிகளையும் புல்லில் வைத்தார். "வயித்தெரிச்சல். வேற என்ன?"

விறகு வெடித்தது. ஹால்வோர் ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்தார். கோபம் வருமென்று எய்லிவ் காத்திருந்தார். வந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்துக்கொண்டார்.

"எனக்கு இருக்காதுன்னு நெனச்சியா?" என்றார் ஹால்வோர், தீயைப் பார்த்தபடி. "பத்து வருஷம் ஆச்சு. இன்னும் நான் கிழக்குக்காரன்தான். கோயில்ல பாடுறேன், பனி வாருறேன், பீர் காய்ச்சறேன். நல்லா இருக்குன்னு சொல்லுவாங்க. கிழக்குக்காரனுக்கு நல்லாத்தான் வருதும்பாங்க. உன்கிட்ட ஷூர் என்ன சொன்னாரு? உனக்குத் தெரியாததான்னாரு. என்னைப் பார்த்து இந்த ஊர்ல ஒருத்தன் அப்படிக் கேட்டானா? அன்னிக்கு அங்க உட்கார்ந்து கத்துக்கிட்டு இருந்தப்ப, நீ கோட்டுக்குள்ள ஜாடிய வச்சிக்கிட்டுப் போனதப் பார்த்து எனக்கும்தான் எரிஞ்சுது."

எய்லிவுக்கு இதை நம்புவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. தான் இத்தனை நாள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வேலிக்கு அந்தப் பக்கமும் ஒரு ஆள் நின்று எட்டிப் பார்த்திருக்கிறான்.

"எனக்குத் தெரியாது," என்றார்.

"என்னது?"

"ஷூர் சொன்னாரே, எனக்குத் தெரியாததான்னு. எனக்குத் தெரியாது ஹால்வோர். எங்கப்பா காய்ச்சினது காப்பி மட்டும்தான். ஈஸ்ட் ஊத்தும்போது எவ்வளவு சூடு இருக்கணும்?"

"நீ எவ்வளவுல ஊத்தின?"

"பனியில புதைச்சு வச்சேன். விரல் சில்லுன்னு ஆகற வரைக்கும்."

ஹால்வோர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நியாயம்தான். ஊர் முழுக்க ஒரு வருடத்துக்குச் சிரிக்கப் போதுமான விஷயம் அது. ஆனால் அவர் தாடையை மட்டும் இறுக்கிக்கொண்டு, எழுந்து போய் வாளித் தண்ணீரை எடுத்துத் தீயில் ஊற்றினார். புகை எழும்பியது.

"என்ன பண்றே?"

"தூக்கு. அந்தப் பக்கம் நீ பிடி. கல்யாணப் பீரைப் பொண்ணோட அப்பா வீட்டு முத்தத்துலதான் காய்ச்சணும். ரோட்டுல போறவங்க பார்க்கட்டும். அப்புறம், நம்ம ஊர் ஈஸ்ட்டுக்குக் குளிரே ஆகாது சகலை. அப்பக் கறந்த பால் சூட்டுல ஊத்தணும். கைல பட்டா சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. நீ அதைப் பாவம், பனில படுக்க வச்சிருக்கே. அது என்ன பண்ணும், கோவிச்சுக்கிட்டுத் தூங்கிருக்கும்."

தண்ணீரைக் கொட்டிவிட்டு, செம்புப் பாத்திரத்தை இருவரும் இரண்டு காதிலும் பிடித்துத் தூக்கி, பண்ணைகளுக்கு நடுவிலிருந்த ஈர வயலைக் கடந்தார்கள். குட்ரூன் ஜன்னலில் நின்று பார்த்தாள். காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள்.

அன்று முழுவதும் எய்லிவின் முற்றத்தில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. ஊலாவும் வேறு சிலரும் போகிற வழியில் நின்று பார்த்தார்கள். யாராவது நின்றால் ஹால்வோர் விறகு எடுக்கிற சாக்கில் கொட்டகைக்குள் போய்விடுவார். எய்லிவ் மட்டும் கிண்டும் துடுப்போடு பாத்திரத்தின் முன்னால் நிற்பார். இது தற்செயல் இல்லை என்பது மூன்றாம் தடவைதான் அவருக்குப் புரிந்தது. சாறு ஆறிக்கொண்டிருந்தபோது ஹால்வோர் அவரை விரல் விட்டுப் பார்க்கச் சொன்னார். "இப்ப?" "சுடுது." "இப்ப?" "தெரியல. ஒண்ணுமே தெரியல." "அதேதான். ஊத்து." விடிவதற்குள் பீப்பாயின் மூடி நுரையில் மிதந்தது.

பீப்பாய் திறந்த நாளில் பிரித்தா முதல் வாய் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்ததை அந்த ஊர் கண்டதில்லை. பிறகு கிண்ணத்தை யாருக்கும் கொடுக்காமல் இன்னொரு வாய் குடித்தாள்.

"ஏய், மத்தவங்களும் இருக்கோம்!" என்று ஊலாவ் பிடுங்கினான்.

ராக்னா குடித்துவிட்டு அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய ஈரமான உதடுகள் அவர் காதில் பட்டன. "கல்யாணத்துக்கு இதுதான் அப்பா. இது போதும்."

"பார்த்தியா, ரத்தத்துல இருக்கு," என்றான் ஊலாவ். "அந்தப் பண்ணைக்காரனுக்குக் காய்ச்சத் தெரியாம இருக்குமா? போன தடவை நம்மள வச்சு விளையாடியிருக்கான்!"

எல்லோரும் சிரித்தார்கள். எய்லிவும் சிரித்துவிட்டு அப்படியே இருந்திருக்கலாம். ஹால்வோர் அடுக்களை வாசலில், ஆஸ்ட்ரியின் பின்னால், தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். காட்டிக்கொடுக்கிற எண்ணமே அந்த முகத்தில் இல்லை.

"எனக்குத் தெரியாது ஊலாவ்," என்றார் எய்லிவ். சத்தம் அவருக்கே கொஞ்சம் பெரிதாகக் கேட்டது. "பனியில புதைச்சு வச்சு ஈஸ்ட்டைக் கொன்னவன் நான். நம்ம ஊர்க்காரன் ஒருத்தன்தான் சொல்லிக் குடுத்தான். அதோ நிக்கறான்."

எல்லோர் தலையும் அடுக்களை வாசல் பக்கம் திரும்பியது. பிறகு பனியில் புதைத்த கதையைப் பிரித்தா பிடித்துக்கொண்டாள். கடவுளே, அதை இனி அவள் சாகும்வரை சொல்வாள். சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் ஹால்வோரைச் சுற்றிக்கொண்டார்கள். ஊலாவ் அவர் முதுகில் அறைந்தான். ராக்னா ஓடிப்போய் அவர் கன்னத்திலும் ஒரு முத்தம் வைத்தாள்.

எய்லிவுக்கு நெஞ்சுக்குள் அந்தப் பழைய இடத்தில் சுருக்கென்றது. போய்விட்டது என்று நினைத்திருந்தார். போகவில்லை. ஒருவேளை அது போகவே போகாது. கால் வலியோடு மனிதர்கள் வேலைக்குப் போவதில்லையா, அப்படி இதையும் வைத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். அவர் பீப்பாய்ப் பக்கம் குனிந்து, கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் சகலையிடம் நீட்டினார்.

ஹால்வோர் ஒரு வாய் குடித்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"கொஞ்சம் கசப்பு தூக்கலா இருக்கோ?"

"வாய மூடிக்கிட்டுக் குடி," என்றார் எய்லிவ்.